விமானி ஆவதற்கு எது சரியான வயது?
(இளையோர் தொழில் வழிகாட்டல் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. நம் வீடுகளில் படிப்பையும் தொழிலையும் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இப்பழமொழியும் உடன் வந்துவிடும். விமானி ஆக வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் கேட்கவே வேண்டியதில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை சொன்னால், "சிறுபிள்ளை ஆசை, போகப்போகச் சரியாகிவிடும்" என்கிறோம். பொறியியல் முடித்து வேலையில் இருக்கும் இருபத்தெட்டு வயது மகளோ மகனோ சொன்னால், "இனிமேலா? காலம் கடந்துவிட்டதே" என்கிறோம். இவ்விரண்டு பதில்களுமே உண்மை நிலவரத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதை எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

நான் விமானி அல்லன். கணினித் துறையில் பணிபுரியும் பொறியாளன். எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவன். ஆகவே அமெரிக்க வட்டார விமான நிறுவனங்களில் புதிதாகச் சேரும் விமானியின் வயது எவ்வளவாக இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது, அந்தக் கணக்கு நம் குடும்பங்களுக்கு எப்படிப் பொருந்துகிறது என்ற வரிசையில் பேசுகிறேன்.

வட்டார விமான நிறுவனம் என்றால் என்ன?

யுனைட்டெட், டெல்டா, அமெரிக்கன் என்ற பெயர்களில் நாம் பயணச்சீட்டு வாங்குகிறோம். சிறு நகரங்களுக்குச் செல்லும்போது ஏறும் விமானத்தின் மேலும் அதே பெயர்தான் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அதை ஓட்டுபவர் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் ஊழியர். ஸ்கைவெஸ்ட், ரிப்பப்ளிக், என்வாய், எண்டெவர், பி.எஸ்.ஏ., பீட்மான்ட் போன்றவையே வட்டார நிறுவனங்கள். இவை பெரும்பாலும் 50 முதல் 76 இருக்கைகள் வரை உள்ள விமானங்களை இயக்குகின்றன. இராணுவத்திலிருந்து வராத ஒருவர் பெரிய நிறுவனத்தின் விமானியறையை அடைவதற்குப் பொதுவாகக் கடக்க வேண்டிய முதல் படி இது. எனவே, "விமானி எந்த வயதில் வேலையில் சேர்கிறார்?" என்ற கேள்விக்கு இங்கேதான் விடை தேட வேண்டும்.

சட்டம் சொல்லும் வயதுகள்

அமெரிக்கக் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிருவாகத்தின் விதிகளின்படி தனியார் விமானி உரிமம் பெறக் குறைந்த வயது 17. வணிக விமானி உரிமத்துக்கு 18. விமான நிறுவன விமானி உரிமத்துக்கு 23. இந்தக் கடைசி உரிமத்துக்கு 1,500 மணிநேரம் பறந்த அனுபவமும் வேண்டும்.

இதில் ஒரு சலுகையும் உண்டு. கட்டுப்படுத்தப்பட்ட விமான நிறுவன விமானி உரிமம் என்ற ஒன்றை 21 வயதிலேயே பெறலாம். அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தில் விமானவியல் இளங்கலைப் பட்டமும் உரிய பயிற்சியும் முடித்தவருக்கு 1,000 மணி போதும். ஈராண்டுப் பட்டம் பெற்றவருக்கு 1,250 மணி. இராணுவ விமானிக்கு 750 மணி. இவ்வுரிமத்தோடு துணை விமானியாகப் பணியாற்றலாம். தலைமை விமானியாக முடியாது.

நம் பெற்றோர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினிப் பொறியியல், இயந்திரவியல் போன்ற பட்டங்கள் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும் இந்த மணிக்கணக்கில் ஒரு மணியைக்கூடக் குறைக்கமாட்டா. பொறியாளர் 1,500 மணியையும் பறந்தே தீர வேண்டும்.

மேல்வரம்பு 65 வயது. 2007 டிசம்பர் வரை இது 60 ஆக இருந்தது. 2024இல் இதை 67 ஆக உயர்த்தும் முயற்சி காங்கிரசில் நடந்தது. ஆனால் நிறைவேறிய சட்டத்தில் அது இடம்பெறவில்லை.

பஃபலோ விபத்தும் அதன் பின்விளைவும்

இந்த 1,500 மணி விதி எப்படி வந்தது என்பதை நம்மைப் போன்ற அமைப்புகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

2009 பிப்ரவரி 12 அன்று இரவு, நூவர்க் நகரிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407ஆம் எண் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் இருந்த ஒருவரும் உயிரிழந்தனர். பயணச்சீட்டில் இருந்த பெயர் கான்டினென்டல். விமானத்தை இயக்கியதோ வட்டார நிறுவனம். விமானத்தின் வேகம் குறைந்து எச்சரிக்கை எழுந்தபோது தலைமை விமானி தவறான முறையில் எதிர்வினை ஆற்றியதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. விமானிகளின் களைப்பு, குறைந்த ஊதியம், வேலைக்காகவே நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு இரவோடிரவாகப் பயணம் செய்யும் அவலம் ஆகிய அனைத்தும் அந்த விசாரணையில் வெளிச்சத்துக்கு வந்தன. துணை விமானிக்கு அப்போது வயது 24.

உயிரிழந்தோரின் குடும்பத்தினர் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. மீண்டும் மீண்டும் வாஷிங்டன் சென்றனர். ஒவ்வோர் உறுப்பினர் அலுவலகத்தின் கதவையும் தட்டினர். அதன் பயனாக 2010 ஆகஸ்டில் சட்டம் இயற்றப்பட்டது. 2013 முதல் பயணிகள் விமான நிறுவனங்களின் துணை விமானிக்கும் விமான நிறுவன விமானி உரிமம் கட்டாயமாயிற்று. அதற்கு முன் வணிக உரிமமும் 250 மணி அனுபவமும் இருந்தாலே விதிப்படி துணை விமானி இருக்கையில் அமரலாம். ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகள் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன.

விபத்துக்குள்ளான விமானத்தின் இரு விமானிகளுக்கும் 1,500 மணிக்கு மேல் அனுபவம் இருந்தது என்பதைச் சுட்டிக்காட்டி, இவ்விதி நோய்க்குப் பொருந்தாத மருந்து என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. மணிக்கணக்கு முதிர்ச்சியைத் தருகிறது என்போரும் உண்டு. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், பணியில் சேரும் வயதை இவ்விதி சில ஆண்டுகள் மேலே தள்ளியது என்பதில் ஐயமில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

எல்லா உரிமங்களையும் பெற்று முடிக்கும்போது ஒருவரிடம் 250 முதல் 300 மணி வரை அனுபவம் சேர்ந்திருக்கும். மீதி மணிகளைச் சேர்க்கப் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் வழி, தாமே பயிற்றுநராகிப் பிறருக்குக் கற்பிப்பது. வானிலை, விமானப் பழுது, மாணவர் வருகை ஆகியவற்றைப் பொறுத்து ஓராண்டில் 600 முதல் 800 மணி வரை பறக்கலாம்.

முதல் எடுத்துக்காட்டு: 18 வயதில் பல்கலைக்கழக விமானவியல் படிப்பில் சேரும் மாணவி. 22 வயதில் பட்டம். ஏறத்தாழ ஓராண்டு பயிற்றுநர் பணி. 1,000 மணியை எட்டும்போது வயது 23.

இரண்டாவது: 18 வயதில் நேரடியாகப் பறப்புப் பள்ளியில் சேரும் இளைஞர். ஓராண்டில் உரிமங்கள். 1,500 மணியை எட்ட மேலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். வயது 21. ஆனால் கையில் பட்டம் இல்லை. நாளை உடல்நலக் காரணத்தால் பறக்க முடியாமல் போனால் மாற்றுத் தொழிலுக்கு வழி குறுகிவிடும்.

மூன்றாவது: வேலையில் இருக்கும் 28 வயதுப் பொறியாளர். வார இறுதிகளில் பறந்து இரண்டு ஆண்டுகளில் உரிமங்களைப் பெறுகிறார். பின்னர் வேலையை விட்டு இரண்டு ஆண்டுகள் பயிற்றுநர் பணி. தேர்வு, நிறுவனப் பயிற்சி எல்லாம் முடியும்போது வயது 32 அல்லது 33.

இதிலிருந்து தெரிவது என்ன? வட்டார நிறுவனங்களின் புதிய வகுப்பறையில் 20களின் நடுவில் இருப்போரும் 30களின் தொடக்கத்தில் இருப்போரும் இயல்பாகக் காணப்படுவர். அவர்களோடு, வேறு தொழில் செய்துவிட்டு 40 வயதைக் கடந்து வந்தவர்களும், இராணுவப் பணி முடித்தவர்களும் அமர்ந்திருப்பர். 40 வயதைக் கடந்தவரை வயது காரணமாக ஒதுக்குவதை 1967ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் தடுக்கிறது.

சேர்ந்த நாளே மூப்பு

விமானத் தொழிலில் திறமைக்குப் பதவி உயர்வு என்ற நடைமுறை இல்லை. எந்த விமானம், எந்த ஊர், எந்த விடுமுறை, எப்போது தலைமை விமானி பதவி என்பதையெல்லாம் முடிவு செய்வது பணிமூப்பு எண். அந்த எண் நிறுவனத்தில் சேர்ந்த நாளைப் பொறுத்தது. ஒரே நாளில் சேர்ந்த வகுப்பில், பல நிறுவனங்கள் வயதில் மூத்தவருக்கே மேலான எண்ணைத் தருகின்றன. ஆகவே 45 வயதுக்காரர் தம் பக்கத்தில் அமர்ந்திருக்கும் 23 வயதுக்காரரைவிட ஓர் எண் முன்னால் இருப்பார். ஆனால் அவருக்கு எஞ்சியிருப்பது 20 ஆண்டுகள். இளையவருக்கு 42 ஆண்டுகள். வேறுபாடு அவ்வளவே.

வயதைவிடப் பெரிய காரணி ஒன்று உண்டு. அது சேரும் ஆண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பெரிய நிறுவனங்கள் விமானிகளை வீட்டுக்கு அனுப்பின. பின்னர் 2007 இறுதியில் ஓய்வு வயது 65 ஆனதால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு வயது முதிர்வால் ஓய்வு பெறுவோர் அரிதாயினர், மேலிருந்தோர் நகரவில்லை, கீழிருந்தோர் ஏறவும் முடியவில்லை. 24 வயதில் சேர்ந்தவர்கள், ஆண்டுக்கு 20,000 டாலரை ஒட்டிய தொடக்க ஊதியத்தில் சேர்ந்து, பத்தாண்டுகள் வட்டார நிறுவனங்களிலேயே தங்கிப்போயினர்.

2020இல் கொரோனா வந்தது. டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் ஆகிய வட்டார நிறுவனங்கள் அந்த ஏப்ரலிலேயே பறப்பதை நிறுத்தின. நிறுவனம் மூடப்பட்டால் பணிமூப்பும் போயிற்று. அடுத்த நிறுவனத்தில் கடைசி எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் இரண்டே ஆண்டுகளில் காற்று திசை மாறியது. விமானிகள் போதாமல், 2022 ஜூனில் அமெரிக்கன் குழுமத்தின் வட்டார நிறுவனங்கள் புதிய துணை விமானியின் ஊதியத்தை மணிக்கு 90 டாலராக உயர்த்தின. மாதம் 75 மணி என்று கொண்டால் ஆண்டுக்கு 81,000 டாலர். பிற நிறுவனங்களும் ஊதியத்தை உயர்த்தின. 2024இல் வேலைக்கு எடுக்கும் வேகம் மீண்டும் தணிந்தது.

எனவே 22 வயதில் மந்தமான ஆண்டில் சேர்ந்தவரைவிட, 35 வயதில் ஏற்றமான ஆண்டில் சேர்ந்தவர் விரைவாக முன்னேறக் கூடும். இதை யாரும் முன்கூட்டிக் கணிக்க இயலாது. "முந்திக்கொள்ளாவிட்டால் வாய்ப்பு போய்விடும்" என்று அவசரப்படுத்தும் விளம்பரங்களை நம்பிக் கையெழுத்திட வேண்டாம்.

இரு சட்டங்கள் சந்திக்கும் பிறந்தநாள்

இனி, நம் குடும்பங்களுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். உங்களிடம் பேச நான் ஒப்புக்கொண்டதற்கு முதன்மையான காரணமும் இதுவே.

அமெரிக்காவில் பறப்பதற்குக் குடியுரிமை தேவையில்லை. ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் குடிமகன் அல்லாதவர், கிரீன் கார்டு வைத்திருப்பவர் உட்பட, உரிமப் பயிற்சி தொடங்குமுன் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகத்தின் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். அது முடியாமல் பள்ளி பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

அதைவிடக் கடினமானது எச்-4 நுழைவிசைவில் உள்ள பிள்ளைகளின் நிலை. அவர்கள் படிக்கலாம், ஊதியம் பெறும் வேலை செய்ய இயலாது. அதாவது உரிமம் வாங்கலாம். பயிற்றுநராகச் சம்பளத்துக்குப் பணிபுரிந்து மணி சேர்க்க இயலாது. 21 வயது நிறைந்த அன்று எச்-4 தகுதியும் முடிந்துவிடும். கட்டுப்படுத்தப்பட்ட விமானி உரிமத்துக்கு ஒரு சட்டம் கதவைத் திறக்கும் அதே பிறந்தநாளில், இன்னொரு சட்டம் அப்பிள்ளையின் சார்பு நிலையை முடித்துவைக்கிறது.

வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பு இருப்பதால், இந்தியாவில் பிறந்தோரின் வரிசை பல்லாண்டு நீள்கிறது. பிறந்த நாட்டைக் கொண்டே வரிசை அமைவதால், இலங்கையில் பிறந்த தமிழர்க்கும் தமிழகத்தில் பிறந்த தமிழர்க்கும் காத்திருப்பு வேறுபடுகிறது. 2002ஆம் ஆண்டின் சிறார் நிலைப் பாதுகாப்புச் சட்டம், மனு பரிசீலனையில் இருந்த நாள்களை வயதிலிருந்து கழிக்கிறது. வரிசையில் காத்திருக்கும் ஆண்டுகளைக் கழிப்பதில்லை. இந்தப் பிள்ளைகளைக் காக்கும் சட்ட முன்வடிவு 2021இலும் 2023இலும் காங்கிரசில் முன்வைக்கப்பட்டது. அவ்விரு முறையும் சட்டமாகவில்லை.

21 வயதில் மாணவர் நுழைவிசைவுக்கு மாறினால், விமானவியல் பட்டம் முடித்தபின் 12 மாதச் செயல்முறைப் பயிற்சிக் காலத்தில் பயிற்றுநராகப் பணியாற்ற வழி உண்டு. ஆனால் வட்டார நிறுவனங்களில் பெரும்பாலானவை, தாம் நுழைவிசைவுக்குப் பொறுப்பேற்காமலேயே வேலை செய்யும் உரிமை உள்ளவரைத்தான் எடுக்கின்றன. எனவே வரிசையில் இருக்கும் குடும்பங்கள், பறப்புப் பள்ளிக்குப் பணம் கட்டுமுன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் அமர்ந்து பேச வேண்டும். பள்ளியின் சேர்க்கை அலுவலர் சொல்வதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ளலாகாது.

பணமும் உடல்நலமும்

ஓராண்டில் எல்லா உரிமங்களையும் பெற்றுத் தரும் பள்ளிகளின் கட்டணம் ஒரு இலட்சம் டாலர் அளவிலும் அதற்கு மேலும் இருக்கிறது. பெரும்பாலும் தனியார் கடன். உடன் கையெழுத்திடுவது பெற்றோர். ஒரு இலட்சம் டாலரை 12 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுகளில் திருப்பிச் செலுத்தினால், மாதத் தவணை ஏறத்தாழ 1,435 டாலர். மொத்தம் ஏறத்தாழ 1,72,000 டாலர். பயிற்றுநர் காலத்தின் சொற்ப வருமானத்தில் இத்தவணையை யார் கட்டுவது என்பதை முன்கூட்டியே குடும்பத்தில் பேசி முடிவு செய்யுங்கள். விரலுக்கேற்ற வீக்கம் என்பதைத் தாண்டி இங்கே நான் சொல்ல ஒன்றுமில்லை.

முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்கும் பள்ளிகளிடம் எச்சரிக்கை தேவை. 2008 பிப்ரவரியில் நெவாடாவின் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பயிற்சி நிறுவனம் ஒரே நாளில் மூடப்பட்டு, ஏராளமான மாணவர்கள் கடனோடு நடுத்தெருவில் நின்றனர். பறந்த மணிக்கு மட்டும் பணம் கட்டும் உள்ளூர்ப் பள்ளிகளும் உள்ளன. காலம் கூடும், ஆனால் ஆபத்து குறையும்.

பணத்துக்கு முன் உடல். முதல் நிலை மருத்துவச் சான்றை முதலில் பெறுங்கள். பிறகு பள்ளியைத் தேடுங்கள். இச்சான்று 40 வயதுக்குக் கீழ் 12 மாதங்களும், 40 நிறைந்தபின் 6 மாதங்களும் செல்லும். மூக்குக்கண்ணாடி தடையன்று; நிறக்குருடு தடையாகலாம். நம்மவரிடையே மிகுந்துள்ள நீரிழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்சுலின் எடுத்துக்கொள்வோரும் தொடர் கண்காணிப்போடு விமான நிறுவனங்களில் பறக்க விண்ணப்பிக்கலாம் என்று 2019 நவம்பரில் வழி திறக்கப்பட்டது. கவனக்குறைவுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மருந்து உட்கொண்ட பிள்ளைகளின் நிலை தனித்தனியே ஆராயப்படும். எதையும் படிவத்தில் மறைக்க வேண்டாம்; பொய்யுரைப்பது கூட்டாட்சிக் குற்றம்.

மூன்று வேண்டுகோள்கள்

பெற்றோர்களுக்கு: பிள்ளை சொன்ன உடனே மறுக்காதீர்கள், உடனே கடனிலும் கையெழுத்திடாதீர்கள். உள்ளூர் விமானத்தளத்தில் ஓர் அறிமுகப் பறப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் அதே வாய்ப்பைத் தாருங்கள். அமெரிக்காவில் விமான நிறுவன விமானி உரிமம் பெற்றோரில் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே உள்ளனர்.

இளையோர்களுக்கு: 21 என்பது விதியின் கீழ்வரம்பு, அது போட்டியின் எல்லைக்கோடு அன்று. 23இல் சேர்ந்தவரும் 33இல் சேர்ந்தவரும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். இடையில் உள்ள பத்தாண்டுகளில் ஒரு பட்டத்தையும், சிறிது சேமிப்பையும், உறுதியான குடிவரவு நிலையையும் சேர்த்துக்கொண்டு வருபவர் எதையும் இழந்தவர் ஆகார்.

நம் அமைப்புக்கு: பஃபலோ விபத்தில் உறவுகளை இழந்தவர்கள் செல்வாக்கு மிக்கவர்கள் அல்லர், நம்மைப் போன்ற குடும்பங்கள். ஓர் ஆண்டரைக்குள் ஒரு சட்டத்தை இயற்ற வைத்தனர். நம் பிள்ளைகள் 21ஆம் பிறந்தநாளை அச்சத்தோடு எதிர்நோக்கும் நிலையை மாற்ற, நாமும் நம் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். ஒருமுறை அன்று, பலமுறை. விமானி ஆக விரும்பும் பிள்ளைக்காக மட்டும் அன்று. செவிலியராகவும் ஆசிரியராகவும் ஆக விரும்பி அதே வரிசையில் நிற்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும்.